ஏஷன்ரோடெயிலிருந்து ஒரு வண்டி

மேசையில் தன் பலகையை மூடியிருந்த துணியை ஹார்ட்விக் விலக்கப் போன நேரத்தில், அதன் ஓரத்து டெலிபோன் ஒரு தடவை மட்டும் ‘டிங்’ என்றது.

மணியைத் தொட்டும் தொடாமலும் போனது போல ஒரு சின்னச் சத்தம். சுற்றி நின்றவர்கள் பிளம் கேக்கும் காப்பியுமாக இருந்தார்கள், யார் காதிலும் அது விழவில்லை. ஹார்ட்விக் காதில் விழுந்தது. அந்த டெலிபோனுக்கு அவர் இன்னும் கம்பியே இணைத்திருக்கவில்லை. கம்பி சுருளாக அவருடைய கால்சட்டைப் பையில்தான் கிடந்தது. பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது.

மேசை ஆடியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சமாதானம் சொல்லிக்கொள்வதில் போன பிப்ரவரியிலிருந்து அவருக்கு நல்ல பழக்கம்.

ஊர்க் கோடியில், ரயில் நின்றுபோன பழைய கூட்ஸ் ஷெட்தான் மாதிரி ரயில் செய்கிறவர்களின் சங்கத்துக்கு இடம். நவம்பரில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் அங்கே கூடுவார்கள். வருஷம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அவரவர் செய்த வேலையை நீள மேசையில் வைத்துக் காட்டுவார்கள். பிறகு அவரவர் பலகைகளை ஓரத்தோடு ஓரம் திருகி, ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே பாதையாக்கிக் குட்டி ரயில் ஓட்டுவார்கள். ஒவ்வொரு பலகையும் ஒரு நிலையம். அதைச் செய்தவர்தான் அன்றைக்கு அதன் ஸ்டேஷன் மாஸ்டர். வயது ஐம்பது, அறுபதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். ஆனால் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டால் பச்சைக் குழந்தைகள்.

மருந்துக் கடைக்காரி கெர்லிண்டெதான் சங்கத் தலைவி. அந்த வருஷம் அவள் ஒரு முட்டைக்கோஸ் வயல் கொண்டுவந்திருந்தாள். மெல்லிய காகிதத்தை இடுக்கியால் சுருட்டிச் சுருட்டி, உளுந்து அளவில் ஒவ்வொரு கோஸாகச் செய்தது. டவுன் பஸ் ஓட்டும் ஜெங்கிஸ் ஒரு சர்க்கரைக் கிழங்கு ஏற்றும் மேடை கொண்டுவந்திருந்தான். சாயம் தோய்த்த கசகசாதான் கிழங்கு.

“பன்னுக்கு வாங்கின கசகசா எங்கேன்னு வீட்டுல தேடிட்டிருக்கா. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க” என்றான் ஜெங்கிஸ்.

சிரிப்பு அடங்கியதும் ஹார்ட்விக் துணியை உருவினார்.

நிலையம். செங்கல் கட்டடம், ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிய ஓட்டுக் கூரை, அதன் வடக்குப் பக்கத்தில் மட்டும் படர்ந்த பாசி. ஜன்னலுக்குள்ளே எட்டிப் பார்த்தால் மேசை, மேசைமேல் விளக்கு, விளக்கடியில் ஒரு ரொட்டித் துண்டு. யாரும் பேசவில்லை. இந்தச் சங்கத்தில் அந்த மௌனத்தைவிடப் பெரிய விருது கிடையாது. முப்பது வருஷமாக ஹார்ட்விக் ஏங்கியது அதற்குத்தான். கிடைத்துவிட்டது.

கெர்லிண்டெ குனிந்து பார்த்தாள். “இந்தக் கூரை எபர்ஹார்ட் போட்டதுதானே?” என்று கேட்டாள்.

பிப்ரவரியில் இதே ஷெட்டில் இறந்துபோன எபர்ஹார்ட் அரைகுறையாக விட்டுப் போனதை எடுத்து முழுமையாக்கியது தான்தான் என்றும், பாதிக்கு மேல் தன் கைவேலை என்றும் ஹார்ட்விக் விளக்கினார். உண்மையில் அவர் செய்தது இரண்டே காரியம். புதர் நாலு நட்டார். ‘ஏஷன்ரோடெ’ என்று எபர்ஹார்ட் எழுதியிருந்த பெயர்ப்பலகையைச் சுரண்டிவிட்டு, தன் குடும்பப் பெயரான பிராண்டெஸை வைத்து ‘பிராண்டெஸ்ஹாகன்’ என்று எழுதினார்.

“பேர் நல்லாத்தான் இருக்கு. ஊரே உங்க பேர்ல. அடுத்தது சிலைதான்” என்றான் ஜெங்கிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். கெர்லிண்டெ மட்டும் நிமிரவில்லை. பலகையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே மெல்லிய குரலில் பேசினாள்.

“நான் வந்து பார்த்தப்போ ரிசீவர் அவர் கையில இருந்தது, ஹார்ட்விக். விரலைப் பிரிச்சுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உயிர் ஒரு நொடியில போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். ஒரு நொடியில போறவர் யாரைக் கூப்பிட்டிருப்பார்?”

ஹார்ட்விக் உருவிய துணியை மடிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து தானும் கிளம்பிவிட்டதாகவும், தனக்கு எதுவும் தெரியாதென்றும் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எந்த நாட்டுக்கும் பொதுதான்.

அவர் கிளம்பவில்லை. அதுதான் விஷயம்.

அந்த பிப்ரவரியில், ஷெட்டில் எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், எபர்ஹார்ட் எல்லோர் முன்னாலும் தன் எஃகு அளவுகோலை எடுத்து ஹார்ட்விக்கின் பலகைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தார். பையில் எப்போதும் அந்த அளவுகோல் இருக்கும். “ரெண்டு மில்லிமீட்டர் விலகல். இதுல எந்த வண்டியும் ஏறாது, கவிழும். வசந்தகாலக் கூட்டத்துக்கு இதை எடுத்துட்டு வராதே, மானம் போகும்” என்றார். சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் ஹார்ட்விக்குப் பொறுக்கவில்லை.

மற்றவர்கள் போன பிறகு ஷெட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். எபர்ஹார்ட் தன் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கம்பிகளுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஹார்ட்விக் மறு கோடியில் தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஹார்ட்விக்கின் பலகை டெலிபோன் அடித்தது. ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு வண்டி அனுப்புமுன் கேட்டுக்கொள்வதற்காக வைத்த, கைப்பிடி சுற்றும் பழைய டெலிபோன். படுத்த இடத்திலிருந்து எழுந்து வரவேண்டாமே என்று எபர்ஹார்ட் பலகையின் அடியிலும் ஒன்று மாட்டியிருந்தார். ரிசீவரை எடுத்தால் மூச்சு. தவளை மாதிரி விட்டு விட்டு வரும் மூச்சு. பிறகு, “ஹார்ட்விக்... நெஞ்சு... வா...”

ஷெட்டின் அந்தக் கோடியில் இரண்டு பூட்ஸ் கால்கள் தெரிந்தன. ஒன்று தரையை உதைத்துக்கொண்டிருந்தது.

ஒரு வண்டியைத் தன் நிலையத்துக்குள் விட மனமில்லாத ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. ஹார்ட்விக் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொன்னார். “எடுத்துக்க முடியாது. காத்திரு.”

ரிசீவரை வைத்தார். கோட்டை மாட்டினார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டார். அவருடைய வலது ஷூ கீச்சிடும், அன்றும் கீச்சிட்டது. விளக்கை அணைத்தார், பூட்டினார், போனார். திங்கட்கிழமை கெர்லிண்டெதான் போய்ப் பார்த்தாள்.

இதை அவரைத் தவிர உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அறிவார், அவரும் மண்ணுக்குள் போய்விட்டார். அது வெளியே வராத வரைக்கும் ஹார்ட்விக் பிராண்டெஸ் ஒரு மரியாதைக்குரிய மனிதர்.

பலகைகளைத் திருகிச் சேர்த்தார்கள். ஹார்ட்விக்கின் நிலையம் கடைசியில், சுவரை ஒட்டி. அவருக்கு ஒரு பக்கம் ஜெங்கிஸின் நிலையம், மறு பக்கம் வெறும் செங்கல் சுவர். தண்டவாளம் சுவரைத் தொட்டு முடிந்துவிடும். அவரே கம்பியை எடுத்து மேல் டெலிபோனில் இணைத்தார். கம்பி அடிக்கு இறங்கும் இடத்தில் கையை மட்டும் நீட்டித் தடவிச் சொருகினார், குனியவில்லை. இந்த ஒன்பது மாதத்தில், எபர்ஹார்ட் செத்துக் கிடந்த அந்தப் பலகையின் அடிப்பக்கத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சங்கத்தின் கடிகாரம் வேகமாக ஓடும். ஒரு மாலைக்குள் ஒரு முழு நாள் முடிந்துவிடும், அப்போதுதான் காலைப் பால் வண்டி முதல் இரவுத் தபால் வண்டி வரை எல்லாம் ஓட்டலாம். கடிகாரம் இரவைத் தொட்டால் ஷெட் விளக்கை அணைத்துவிடுவார்கள். குட்டி நிலையங்களின் குட்டி விளக்குகள் மட்டும் எரியும். ஒவ்வொருவர் முன்னும் காகிதம் சுற்றிய ஒரு சிறு லாந்தர். அதுதான் அவர்களுக்கு உச்சக்கட்டம்.

வேலை மும்முரமாக இருந்தது. டெலிபோன் அடிக்கும், பக்கத்து நிலையம் வண்டி எண்ணைச் சொல்லி “எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்கும், “எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பாதையைத் திருப்பிக் கைகாட்டியை இறக்க வேண்டும். நாலைந்து தடவை ஆனதும் யோசிக்கவே வேண்டாம், மணி அடித்ததும் வாய் தானாகச் சொல்லிவிடும். சொன்ன பிறகு பேச்சு மாறக்கூடாது. எடுத்துக்கிறேன் என்றால் அந்த வண்டி வந்தே தீரும், அது வந்து சேரும் வரை வேறெதுவும் அசையக்கூடாது. மறுத்த வண்டியோ அங்கேயே நிற்கும், பிறகு மறுபடி கேட்கும். எத்தனை நேரமானாலும் கேட்கும். சங்கத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் விதி இது.

இரவு வந்தது. கெர்லிண்டெ விளக்கை அணைத்தாள். வெளியே மழை தகரக் கூரையில் பிசுபிசுத்தது. காப்பி வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்த இருட்டில், எங்கிருந்தோ ஈயமும் பிசினும் கருகும் வாசனை ஒரு இழையாக வந்து ஹார்ட்விக்கின் மூக்கில் ஏறியது. யார் இந்த நேரத்தில் பற்றவைக்கிறார்கள் என்று கேட்கத் திரும்பினார். எல்லோரும் அவரவர் லாந்தருக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாசனை கீழிருந்து வந்தது. அவர் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து.

டெலிபோன் அடித்தது.

“ஏஷன்ரோடெ பேசுறேன். தபால் வண்டி. எடுத்துக்கிறியா?”

“எடுத்துக்கிறேன்” என்றது ஹார்ட்விக்கின் வாய்.

கை கைகாட்டியின் பிடியை இழுத்துவிட்டது. சின்னக் கை ஒன்று டக்கென்று இறங்கி வழி கொடுத்தது. அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏஷன்ரோடெ என்று இப்போது ஒரு நிலையமும் இல்லை. இருந்த ஒன்றின் பெயரைச் சுரண்டியது அவர்தான். அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ரிசீவர் இன்னும் காதில் இருந்தது. அதில் பேச்சு இல்லை. விட்டு விட்டு ஒரு மூச்சு மட்டும் இருந்தது. வைத்துவிட்டார். உடனே மறுபடி மணி அடித்தது, எடுத்தால் ஜெங்கிஸ். கிழங்கு வண்டி தயாராம். எடுத்துக்கொள்ள முடியாது, ஒரு வண்டி வருகிறது என்று ஹார்ட்விக் சொன்னார்.

“எங்கேருந்து வருது? உங்களுக்கு அந்தாண்ட சுவருதானே இருக்கு” என்றான் ஜெங்கிஸ்.

ஹார்ட்விக் சுவரைப் பார்த்தார். தண்டவாளம் அதைத் தொட்டு முடியும் இடத்தில் லாந்தர் வெளிச்சம் போகவில்லை. செங்கல் தெரியவில்லை. கறுப்பாக இருந்தது. சுவர் கறுப்பாக இருப்பதற்கும், அங்கே சுவரே இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. அதை அவர் யோசிக்க விரும்பவில்லை.

பயத்துக்கு மேல் கோபம் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள். கெர்லிண்டெதான். ரிசீவர், விரல் என்று அவள் பேசியதெல்லாம் நூல் விட்டுப் பார்க்கத்தான். பலகையின் அடியில் எங்கேயோ ஒரு கம்பியை இழுத்து வைத்துப் பேசுகிறாள். அவளுக்கு எவ்வளவு தெரியும்? டாக்டரிடம் சொல்லிவிட்டாளா? அந்தக் கம்பியைக் கண்டுபிடித்து அறுத்தால் தெரிந்துவிடும், அது யார் இருக்கைக்குப் போகிறதென்று.

கடிகாரத்தில் அந்த நாள் முடிந்தது. பக்கத்து அறையில் குலாஷ் சூப் கொதித்தது, எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்கள். தனக்கு வயிறு சரியில்லை, சூப்புக்கு இருக்கமாட்டேன், பின்பக்கக் கதவு வழியாகக் கிளம்புகிறேன் என்று ஹார்ட்விக் சொன்னார். சொல்லும்போதே பழைய சொல் போல இருந்தது. பிப்ரவரியிலும் கிளம்பிவிட்டேன் என்றுதானே சொன்னார்.

ஷெட் காலியானதும் லாந்தரை எடுத்துக்கொண்டு குனிந்தார். முழங்கால் தரையில் பட்டது. தலையைப் பலகைக்கு அடியில் விட்டார்.

தூசி. கம்பிக் கொத்து. கருகிய பிசின் வாசனை இங்கே கெட்டியாக இருந்தது, நாக்கில் ஒட்டியது. மல்லாந்து படுத்தால்தான் மேலே பார்க்க முடியும். படுத்தார். லாந்தரை மார்பில் வைத்துக்கொண்டார்.

அடி டெலிபோன் அதே இடத்தில் இருந்தது. அதன் கம்பியைத் தொட்டுக்கொண்டே போனார். அது எங்கும் போகவில்லை. ஒரு சாண் நீளத்தில் அறுந்து, செம்பு இழைகள் பிரிந்து தொங்கின.

பலகையின் அடியில் வெளிறிய கோடுகள். நாலு நாலாக. மரம் உரிந்து, ஆழமாக. ஒரு கோட்டில் நகத்தின் சில்லு செருகியிருந்தது.

எபர்ஹார்ட் ஒரு நொடியில் போகவில்லை. அது அவருக்குத் தெரிந்ததுதான். எவ்வளவு நேரம் என்று இப்போதுதான் தெரிந்தது.

அப்போது சத்தம் கேட்டது. சுவர்ப் பக்கத்திலிருந்து. டக்-டக். டக்-டக். தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறும் சத்தம். மேலே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள், அவரே பார்த்தார். டக்-டக். மெதுவாக. பலகை மரம் லேசாக அதிர்ந்து தூசி அவர் கண்ணில் விழுந்தது. வண்டி நீளமானது. வந்துகொண்டே இருந்தது. நேராக அவர் நெஞ்சுக்கு மேலே வந்து நின்றது.

லாந்தர் அணைந்தது.

நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்தது. இடது கை தன்னுடையதாக இல்லை. எழுந்திருக்கப் பார்த்தார், நெற்றி பலகையில் இடித்தது. கத்தினார். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. பக்கத்து அறையில் கரண்டிச் சத்தம். ஜெங்கிஸ் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. கதவு திறந்தது.

“ஹார்ட்விக் போயாச்சா?” என்றாள் கெர்லிண்டெ.

“அப்பவே சொன்னாரே. பின்கதவு வழியா கிளம்பியிருப்பார்” என்றான் ஜெங்கிஸ்.

வலது காலால் தரையை உதைத்தார். மழை பெரிதாகிக் கூரையில் கொட்டியது. கதவு சாத்திக்கொண்டது. சாவி சுழன்றது. கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின.

இருட்டு. மழை. அவர் மூச்சு. விட்டு விட்டு.

டெலிபோன்.

அறுந்த கம்பிதான். தெரியும். ஆனால் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான். வலது கையால் தடவினார். கைப்பிடியைப் பிடித்தார். சுற்றினார்.

தூரத்தில், ஷெட்டின் மறு கோடியில், மணி அடித்தது.

பூட்டிய ஷெட்டில் யாரோ நடந்து வந்தார்கள். அவசரமில்லாத நடை. வலது ஷூ கீச்சிட்டது. இடது. கீச். இடது. கீச். ரிசீவரை எடுக்கும் சத்தம். ஹார்ட்விக் தன் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டார். இருந்த உயிரையெல்லாம் திரட்டினார்.

“நெஞ்சு... வா...”

மறுமுனையில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலை அவர் வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறார். தன் தொண்டைக்குள்ளிருந்து.

“எடுத்துக்க முடியாது” என்றது அவர் குரல். “காத்திரு.”

டிங்.

கோட்டு உதறும் சத்தம். பொத்தான்கள். கீழிருந்து மேலாக. ஒவ்வொன்றாக. பிறகு அந்தக் கீச்சிடும் நடை வாசலை நோக்கிப் போனது. ஏற்கெனவே பூட்டியிருந்த கதவு மறுபடி பூட்டிக்கொண்டது.

ஹார்ட்விக் பலகையைப் பிறாண்டினார். நகம் ஒரு பழைய கீறலுக்குள் போய் விழுந்தது. சரியாகப் பொருந்தியது. இம்மிகூட விலகல் இல்லை.

அவருக்கு இடது பக்கம், தோளை ஒட்டி, இவ்வளவு நேரம் அசையாமல் படுத்திருந்த ஒன்று அசைந்தது. ஈர மண் வாசனை. எஃகு அளவுகோல் ஒன்றைத் தரையில் மெதுவாக வைக்கும் சத்தம். குளிர்ந்த விரல்கள் வந்து, ரிசீவரைப் பிடித்திருந்த அவர் விரல்களின்மேல் மூடி, இறுக்கின.

“கொஞ்சம் தள்ளிப் படு, ஹார்ட்விக்” என்றது அது. “திங்கட்கிழமை வரைக்கும் இருக்கணும்.”